தங்கச்சி என்று சொல்லி வந்தவள்

வார்டரக்காவுக்கு வாய்தான் எதிரி என்று அவள் புருஷன் அடிக்கடி சொல்வான். புருஷன் சொல்வது எப்போதாவது பலித்துவிடுகிறது, என்ன செய்ய!

பெண்கள் சிறையில் ஆராய்ச்சி செய்ய ஒரு பேராசிரியை வந்திருந்தார். சூப்பிரண்டு அம்மாவின் அறையில் பேச்சு. வார்டருக்கு அங்கே உட்கார நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை.

"உள்ளே பெண்களுக்குள்ள வர்ற உறவெல்லாம் ஆண் துணை இல்லாத குறைதான், கேட்டைத் தாண்டினா மறந்துடும்னு புத்தகங்கள் சொல்லுது," என்றார் பேராசிரியை.

"நாங்க அதை ஒழுங்கீனம்னு சொல்வோம்," என்றார் சூப்பிரண்டு அம்மா.

வார்டருக்கு நாக்கு துறுதுறுத்தது. "மறக்கிறதாவது! தையல் கூடத்துல ஒரு நெட்டச்சி இருக்கா. அவகூட இருந்த குட்டச்சி விடுதலையாகிப் போயும் வாரம் தவறாம பார்க்க வர்றா, தங்கச்சின்னு சொல்லிக்கிட்டு. கட்டின புருஷன்கூட இப்படி வரமாட்டான்!"

பேராசிரியை ஆவலோடு எழுதிக்கொண்டார். சூப்பிரண்டு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ தங்கச்சி இல்லையா?"

அப்போதுதான் வார்டருக்குத் தான் உளறியது உறைத்தது. கைதியைப் பார்க்க சொந்தக்காரர்களைத் தவிர யாரையும் விடக்கூடாது என்பது அங்கே சட்டம். தெரிந்தேதான் இத்தனை நாளும் அவள் கண்டும் காணாமல் இருந்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை; கெட்டது வேறு இரண்டு பேர்.

அடுத்த வாரம் குட்டச்சி வந்தாள். கையில் அவளே பின்னிய ஸ்வெட்டர், நெட்டச்சிக்கு ஏற்றாற்போல் கை நீளமாக.

"இனிமே உன்னை விடக்கூடாதுன்னு உத்தரவும்மா."

"யாருக்கா போட்டுக்குடுத்தது? இன்னும் நாலு வருஷம் இருக்கே அவளுக்கு!"

அன்று அவ்வளவு பேசிய நாக்குக்கு இன்று ஒரே ஒரு பொய்தான் வந்தது.

"தெரியலம்மா."

குட்டச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்வெட்டரை நீட்டினாள். "நீங்களாவது குடுத்துடுங்க. தெரிஞ்சும் தெரியாத மாதிரி விட்டீங்களே, அதை மறக்கமாட்டோம்க்கா. உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

அதற்குப் பதில் அவள் செருப்பால் அடித்திருக்கலாம். வார்டர் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். வெட்கத்தில் காது எரிந்தது.

தையல் கூடத்தில் நெட்டச்சி தலையை வாரி முடித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டரைக் கண்டதும் சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

"வந்துட்டாளாக்கா?"