எஞ்சின் குடித்த தொட்டி

எங்கள் முறை வர ஒன்பது நாள் காத்திருந்தோம். சாந்தா ஃபே சமவெளியில் எங்கள் பக்கத்துப் பண்ணைகள் அத்தனைக்கும் கதிரடிக்கும் நீராவி எஞ்சின் ஒன்றே ஒன்று. களத்தில் கோதுமைப் போர் இரண்டு நிற்க, தெற்கே மேகம் கூடிக்கொண்டே வந்தது. நனைந்தால் மணி முளைத்துவிடும், வருஷம் முழுக்க வாயில் மண்தான். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. "பெய்யாதே, பெய்ஞ்சு தொலைக்காதே" என்று வானத்தைத் திட்டியபடியே வேண்டினேன்.

பத்தாம் நாள் எஞ்சின் வந்தது, பின்னால் இருபது ஆட்கள். ஓட்டுகிற பால்மிரோ இறங்கியதும் நேரே எங்கள் கிணற்றுக்குப் போய், ஒரு வாய் உறிஞ்சித் துப்பினான்.

"உப்புத் தண்ணிக்கா! இதை ஊத்தினா கொதிகலன் நுரை கக்கும். நான் அடுத்த பண்ணைக்குப் போறேன்."

என் கணவர் பிரிமோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வாயில்லாத மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூரை மழைநீர் இறங்கும் நிலத்தொட்டியின் மூடியைத் தூக்கினேன். குடிக்க எங்களுக்கிருந்த ஒரே நல்ல தண்ணீர் அதுதான்.

"இதைக் குடிச்சுப் பாரு."

"சர்க்கரைதான். ஆனா இந்த எஞ்சின் மொடாக்குடியன்க்கா, அடிவரைக்கும் உறிஞ்சிடும்."

"அடியே, புள்ளைங்க குடிக்க?" என்றார் பிரிமோ. இப்போதுதான் வாய் வந்தது.

"கோதுமை போச்சுன்னா வெறும் தண்ணியக் குடிச்சே வளருமா உம்ம புள்ளைங்க?"

எஞ்சின் இரண்டு நாள் ஓடியது. மூன்று சின்ன விசில் ஊதினால் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். ஊதும்போதெல்லாம் தொட்டிக்கு ஓடினேன். கயிற்றில் கல் கட்டி உள்ளே விட்டு எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன். மேகத்தையும் பார்த்தேன். எது முந்தும் என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் மாலை கடைசி மூட்டையையும் தைத்துக் கொட்டகைக்குள் போட்டாயிற்று. பயலே, ஜெயித்துவிட்டேன் என்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன். எஞ்சின் போன பிறகு தொட்டிக்குள் வாளியை இறக்கினேன். அடிச் செங்கல்லில் மோதி, சேற்றோடு ஏறி வந்தது.

காற்று திரும்பியிருந்தது. மேகம் கலைந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது, ஒரு சொட்டுகூட விடாமல்.

கடைக்குட்டி ரீனா கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் துப்பினாள். நான் அண்டா, குண்டான், வாளி எல்லாவற்றையும் முற்றத்தில் வரிசையாக வைத்தேன்.

"இப்ப என்னடி வேண்டப் போறே?" என்றார் பிரிமோ.

இத்தனை நாளாகத் திட்டித் தீர்த்த வானத்திடம், தலையைக் குனிந்துகொண்டு, பெய் என்றேன்.