பத்து நிமிஷ அமைதி

"இன்னும் ஒரு கல்லு, டீச்சர்!" என்று பிள்ளைகள் கூவினார்கள். காகம் போட்ட கல்லில் குடத்துத் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. காகத்துக்குத் தாகம், கதை சொன்னவளுக்கோ நேர்மாறான அவதி. காலையில் வந்ததிலிருந்து ஆசிரியை கழிவறைப் பக்கமே போகவில்லை. பாயின் ஓரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகளைத் தனியே விட்டு அறையைத் தாண்டக் கூடாது என்பது மழலையர் காப்பகத்தின் விதி. முன்பெல்லாம் ஆயாம்மா பார்த்துக்கொள்வார். செலவு கட்டுப்படியாகவில்லை என்று அவரை நிறுத்திவிட்டார்கள், விதியை நிறுத்தவில்லை. "மறுபடியும் அடக்கி வச்சா சிறுநீரகமே கெட்டுப்போகும்மா" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

பிள்ளைகள் கண்ணயர்ந்த வேளையில் நிர்வாகி உள்ளே வந்தார். பின்னால் புன்னகையோடு ஒரு தியானப் பயிற்சியாளர்.

"நல்லவேளை வந்தீங்க மேடம். கொஞ்சம் பார்த்துக்குங்க, ஓடிப் போயிட்டு வந்துடறேன்."

"எங்க ஓடற? உனக்காகத்தான் சாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். மனசு அமைதியானா வேலையில திருப்தி தானா வருமாம். பத்தே நிமிஷம், உட்காரு."

"அவசரம் மேடம்."

"உனக்கு என்னிக்கு அவசரமில்ல? எப்பவும் கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்ட மாதிரிதான்!"

பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் மார்பை இடிக்க உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடுங்கம்மா," என்றார் பயிற்சியாளர், தாலாட்டும் குரலில். "உடம்பு என்ன சொல்லுதுன்னு கவனிங்க. அதை எதிர்க்காதீங்க."

"எதிர்க்கலேன்னா தரையைத் துடைக்கணும் சார்."

பயிற்சியாளர் சிரித்தார். நிர்வாகி சிரிக்கவில்லை.

கண்களை மூடினாள். மூச்சை இழுத்தபோதெல்லாம் அடிவயிற்றில் ஊசி இறங்கியது; அரை மூச்சோடு நிறுத்திக்கொண்டாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கைபேசியில் படமெடுக்கும் ஓசை கேட்டது.

"முகத்துல என்ன அமைதி பாருங்க சார்! வாங்க, அடுத்த ரூமுக்குப் போலாம்."

"மேடம், இப்பவாவது..."

"பசங்க எழுந்துட்டாங்க பாரு. முதல்ல அவங்களைக் கவனி."

கதவு சாத்திக்கொண்டது.

தூங்கி எழுந்தால் பிள்ளைகளுக்கு உடனே ஒன்றுக்குப் போக வேண்டும். அறை மூலையில், தடுப்பில்லாமல், முழங்கால் உயரத்தில் கழிப்பிருக்கைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவராக உட்காரவைத்தாள், கழுவினாள், கால்சட்டையை மாட்டிவிட்டாள். கடைசியாக வந்த சுருட்டைமுடிக்காரனுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் வரும். இரு கால்களையும் பின்னிக்கொண்டு நின்று, கையை நீட்டிக் குழாயைத் திறந்தாள்.

"வரல டீச்சர். பெருசா தொறங்க."

சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு, குழாயை முழுவதும் திருகிவிட்டாள்.