ஒன்றுக்கு நாலு

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் திவ்யலட்சுமி குளியலறைக் கதவைத் தாழிட்டாள். ஐந்து மணிக்குப் பத்மஜா வருவாள்.

பத்மஜா, மாப்பிள்ளை அனந்தின் அக்கா. நாளை நிச்சயதார்த்தத்தில் திவ்யாவுக்குப் பூ வைக்க வேண்டிய நாத்தனார்.

"ஜடை எவ்வளவு நீளம்னு ஒரு தடவை பார்த்துண்டு போறேன். அதுக்குத் தகுந்தாப்பல பூ தைக்கச் சொல்லணும்" என்று காலையில் ஃபோனில் சொல்லியிருந்தாள். "நானே பின்னிப் பார்க்கறேனே."

"சரிக்கா" என்றாள் திவ்யா.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. தலை பத்தொன்பதிலேயே நரைத்துவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றும் அல்ல, முக்கால் தலை. ஒன்பது வருஷமாக அம்மா பதினைந்து நாளைக்கு ஒருமுறை மருதாணியும் அவுரியும் போட்டுக் கறுப்பாக்கி வந்தாள். வலியசாலை அக்ரஹாரத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். இருந்தும் தெருவில் யாருக்கும் தெரியாது. அனந்தின் வீட்டுக்கும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவன் அம்மா, "தலைமுடி எவ்வளவு நன்னா இருக்கு!" என்றபோது திவ்யாவின் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்வது? பத்து நாளில் வகிட்டில் வெள்ளைக் கோடு எழும்பும். அவர்கள் கண்ணெதிரில் அவுரி கரைக்க முடியாது. மருதாணி கரைக்கலாம். குளிர்ச்சிக்கு என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் மருதாணி மட்டும் போட்டால் நரை செம்பு நிறமாகும். மீதித் தலையும் செம்புக்கு வந்துவிட்டால் கோடு தெரியாது.

கழக்கூட்டம் ஆபீஸில் பக்கத்து இருக்கை ஷெமியிடம் முடியைச் செம்பாக வெளுக்க வழி கேட்டாள். வேலைக்கு வருமுன் அக்காவின் பியூட்டி பார்லரில் ஒத்தாசைக்கு நின்றவள்.

"ஒரேயடியா வேண்டா கேட்டோ. எல்லாரும் கண்டுபிடிக்கும்" என்றாள் ஷெமி. "பெராக்ஸைடு கிரீம் ஒரு பங்கு. கண்டிஷனர் நாலு பங்கு. கால் மணிக்கூர். வாரத்தில ஒருக்கா. கண்ணாடிக்கே தெரியாது, எடீ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தலையில கறுப்புப் பொடி ஒண்ணும் இல்லல்லோ? சிலதுல இரும்பு உண்டு. இரும்பும் இதுவும் சேர்ந்தா கொதிக்கும். முடி வெந்து போகும்."

"ஒண்ணும் இல்லை" என்றாள் திவ்யா. உண்டு என்றால் எதற்கு என்று கேட்பாள். அம்மா போடுவது வெறும் இலை, மண்சட்டியில் கரைப்பது. இரும்பு எங்கிருந்து வரும்? அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அவுரி தலைவலி தருகிறது என்று பொய் சொல்லி நிறுத்தினாள். வேருக்கு மருதாணி மட்டும். நாலு சனிக்கிழமை கடந்தது. முதல் வாரம் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் வெயிலில் மட்டும் தெரிந்தது. நாலாம் வாரம் தேங்காய் நார் நிறம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மட்டும் பின்னும்போது கை நிறுத்துவாள்.

நேற்று வெள்ளிக்கிழமை அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "நெல்லிக்காய் விழுது. குளிர்ச்சி. திரும்பி உட்கார்" என்று நீளம் முழுக்கத் தேய்த்தாள்.

குளித்துத் துவட்டியபோது முடி கரியாக இருந்தது. நாலு வாரமும் ஒரே குளியலில் போயிற்று. வேரில் மட்டும் விழுது பிடிக்கவில்லை. வேர் செம்பு, கீழே கறுப்பு. நடுவில் கோடு கிழித்தாற்போல. பத்மஜா பின்னலைப் பிரித்தால் முதலில் அதுதான் கண்ணில் படும்.

அதனால் இன்று அவள் ஒன்றுக்கு நாலு கலக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று கலந்தாள்.

தடவி முடித்துக் கொண்டை போட்டாள். பிளாஸ்டிக் உறையை மாட்டினாள். மொபைலில் நேரம் பார்த்தாள்.

இரண்டு நிமிஷம். தலை வெதுவெதுப்பாயிற்று. வெயில் காலம்தானே என்று நினைத்தாள்.

நாலு நிமிஷம். காப்பி நிறைந்த டம்ளரைப் பிடரியில் வைத்தது போல இருந்தது. உறைக்குள் ஏதோ பொரியும் சத்தம். கண்ணாடியில் பார்த்தாள். உறை உப்பி, உள்பக்கம் ஆவி பூத்திருந்தது.

பிய்த்து எறிந்தாள். இறகு தீய்ந்த நாற்றம் வந்தது. கொண்டையிலிருந்து புகை போல ஒன்று எழும்பியது. குழாயைத் திறந்து தலையை நீட்டினாள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், மத்தியான வெயிலில் காய்ந்தது. சுடுதண்ணீர் தலையில் விழுந்தது. கையைக் கடித்துக்கொண்டாள். வாசலில் அப்பா பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். கத்தினால் தெரு முழுக்கக் கேட்கும்.

தாழை நீக்கினாள். "அம்மா" என்றாள். மறுபடி, "அம்மா."

அம்மா வந்தாள். பார்த்தாள். கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப்போய்க் கிணற்றடியில் உட்கார்த்தினாள். வாளி வாளியாகத் தண்ணீர் விழுந்தது. பத்து வாளி வரை திவ்யா எண்ணினாள். பிறகு பல் கிட்டிவிட்டது.

"என்னடி போட்டே?"

"பெராக்ஸைடு. ப்ரவுன் ஆக்கறதுக்கு. ஒரு மாசமா."

அம்மாவின் கையிலிருந்து வாளி நழுவியது. "அப்போ ஜலம் இல்லையா? ஜலம் சேராம வெளுக்கறதுன்னு நினைச்சேனே."

"நெல்லிக்காய்ல என்னம்மா கலந்தே?"

"ஒண்ணும் கலக்கலே." அம்மா உட்கார்ந்துவிட்டாள். "இரும்புச் சட்டியில ஊறவச்சேன். பத்து நாள். பழைய ஆணியும் நாலஞ்சு போட்டேன். நன்னா கறுக்கும்னு கேட்டிருக்கேன். நிச்சயம் வரதேன்னு பயமாயிருந்துதுடி."

"என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீ சொன்னியா?"

திவ்யா தலையைத் தொட்டாள். முடி நூடுல்ஸ் போலக் கொழகொழத்தது. இழுக்கவில்லை, தொட்டாள், அவ்வளவுதான். ஒரு கற்றை கையோடு வந்தது. செம்பும் கறுப்பும் சேரும் இடத்தில் அறுந்திருந்தது. அம்மா இன்னொரு கற்றையை எடுத்தாள். அதுவும் வந்தது. அதைக் கிணற்றடியில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூன்றே முக்கால். கூடத்தில் உட்கார்த்தி அம்மா கத்தரிக்கோல் எடுத்தாள். பிடரியில் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. காதுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியதும் ஒழுங்காக இல்லை. இங்கே நாலு விரல், அங்கே ஒரு விரல். எல்லாவற்றுக்கும் அடியில் இந்த வாரத்து வெள்ளை.

"சவுரி வச்சுடலாம்" என்றாள் அம்மா. "இறுக்கிக் கட்டிண்டா..."

"எதுலம்மா கட்டுவே?"

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "காய்ச்சல்னு சொல்லிடறேன். பத்மஜாவை வராதேன்னு சொல்லிடறேன்."

"இன்னிக்கு வரமாட்டா. நாளைக்கு?"

வாசலில் பந்தல்காரன் மூங்கிலை இறக்கும் சத்தம். திவ்யா பத்மஜாவின் விரல்களை நினைத்தாள். முடிக்குள் நுழைந்து, சட்டென்று நின்றுவிடும் விரல்கள். தான் பேசாவிட்டால் அந்த விரல்கள்தான் அனந்திடம் போய்ச் சொல்லும்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மொபைலை எடுத்து அனந்துக்கு வீடியோ கால் போட்டாள்.

"அடியே, வேண்டாம்" என்றாள் அம்மா.

மணி ஒரு தடவை அடித்தது. இரண்டாம் தடவை. எடுக்கமாட்டான் என்று நினைத்தாள். எடுக்கக் கூடாது என்றும் நினைத்தாள். திரையில் அனந்தின் முகம் வந்தது.

"என்ன, கல்யாணப் பொண்ணு? துண்டைச் சுத்திண்டு?"

"ஒண்ணு காட்டணும்."

"என்ன?"

"எனக்குத் தலை நரைச்சுடுத்து. பத்தொன்பது வயசுலேருந்து. உங்காத்துல யாருக்கும் சொல்லலே. மறைக்கப் போய், இன்னிக்கு..."

துண்டை எடுத்தாள். தலையைக் குனிந்து மொபைலை உச்சிக்கு நேராகப் பிடித்தாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். தரையில் சிவப்புச் சிமென்டும் அதில் இரண்டு மூன்று முடியும் தெரிந்தன.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தோன்றியது. அறுந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"திவ்யா."

"ம்."

"ஒண்ணும் தெரியலை. அங்கே இருட்டா இருக்கு. ஜன்னல்கிட்ட வா."

தெருப்பக்கத்து ஜன்னலை ஒரு மாதமாகத் திறக்கவில்லை. அதற்கு நேரே எதிர்வீடு. அம்மா குறுக்கே வந்து நின்றாள். பிறகு விலகிக்கொண்டாள்.

திவ்யா தாழ்ப்பாளை நீக்கினாள்.