சங்கிலியம்மாள் மிதித்த பெடல்

பாண்டீஸ்வரன் தன் மனைவி இறந்ததற்கு விளக்கம் கேட்டு மெக்கானிக் ஷேக் மைதீனுக்கு ஒப்புகை அட்டை இணைத்துத் தபால் அனுப்பியிருந்தார். மூன்று பக்கம். பொருள், பார்வை, இணைப்பு ஒன்று முதல் நான்கு வரை. கால்வாய் ஷட்டர்களுக்குப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அவருடைய கடித நடை அல்ல. மார்க்கையன்கோட்டையில் அவர் வீட்டு வாசல் பலகையில் பெயரைவிடப் பட்டம் பெரிய எழுத்தில் இருக்கும். அழத் தெரியாத மனிதர் வேறு எப்படித்தான் அழுவார் என்று, கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் மைதீனுக்குத் தோன்றியது.

தை மாதம் உத்தமபாளையத்தில் மைதீனின் ஒர்க்ஷாப்பில் அவருடைய பழைய வெள்ளைக் காருக்குக் கிளட்ச் வேலை நடந்தது. மேலே பெடலோடு ஒரு சிலிண்டர், கீழே கியர் பெட்டியோரம் ஒரு சிலிண்டர், இரண்டுக்கும் புது ரப்பர். சித்திரையில் ஒரு மத்தியானம் அவர் மனைவி சங்கிலியம்மாளுக்கு நெஞ்சுவலி. தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சீலையம்பட்டியில், கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் விழவில்லை. வாழைத்தார் ஏற்றிவந்த வேன்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொள்வதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை.

அதற்குப் பிறகு சின்னமனூரிலிருந்து கம்பம் வரை, மைதீன் கைவைத்த வண்டி ஆளைக் கொன்றது என்று பேச்சு. ஒர்க்ஷாப்புக்கு வரும் வண்டி பாதியாகக் குறைந்தது. அதைவிடப் பெரிய கொடுமை, மைதீனுக்கே நிச்சயமில்லை. ரப்பரைத் தலைகீழாகப் போட்டோமா, நட்டை இறுக்காமல் விட்டோமா? தொழுகையில் நிற்கும்போதும் அவன் விரல்கள் இல்லாத ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தன.

ஆடியில் ஒருநாள் காலை அந்தக் காரை டிராக்டரில் கட்டி இழுத்துவந்தார் பாண்டீஸ்வரன். எதிர் டீக்கடையில் இருந்தவர்களைச் சாட்சிகளாக நியமித்து, பழுது கண்டறியப்பட்டு அதற்குரிய பொறுப்பு நிர்ணயிக்கப்பட வேண்டும் என்று அறிவித்தார். சாட்சிகள் வடையைப் பிட்டுக்கொண்டே சம்மதித்தார்கள்.

மைதீன் டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கினான். ஈரம். மேல் சிலிண்டரிலிருந்து பெடல் வழியாக ஒழுகி இறங்கியிருந்தது. காருக்கு அடியில் படுத்துக் கீழ்ச் சிலிண்டரின் உறையை விலக்கினான். அங்கேயும் சொட்டியது. ஒன்று ஒழுகினால் தேய்மானம் எனலாம். மூன்றே மாதத்தில் இரண்டும் ஒழுகினால் உள்ளே ஓடுகிற எண்ணெயில்தான் கோளாறு. கழற்றிப் பார்த்தால், அவன் போட்ட ரப்பர் ஊறவைத்த கொண்டைக்கடலையாக உப்பிப்போயிருந்தது.

டீக்கடையில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வாங்கிவந்து, கிளட்ச் எண்ணெய் டப்பாவில் மிச்சமிருந்ததில் நாலு சொட்டு விட்டான். கிளட்சுக்கும் ஊற்றுவது பிரேக் ஆயில்தான்; அதுவாக இருந்தால் தண்ணீரோடு கலந்துவிடும். இது கலக்கவில்லை. வட்டம் வட்டமாக மேலே மிதந்தது. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெய். டப்பாவில் கொஞ்சம் குறைந்ததைப் பார்த்து யாரோ இதை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். அந்த எண்ணெய் பட்டால் கிளட்ச் ரப்பர் தாங்காது.

தன் கை சுத்தம். மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியது. தம்ளரை அப்படியே டீக்கடைக்குக் கொண்டுபோய் நடு மேசையில் வைக்கவேண்டும் என்று கை துறுதுறுத்தது. பழக்கத்தில் டேஷ்போர்டைத் திறந்தான். குறைந்தால் ஊற்றிக்கொள்ளச் சொல்லித் தை மாதம் அவன் கொடுத்த பிரேக் ஆயில் பாட்டில், சீல் பிரிக்காமல் இருந்தது.

அதைச் சங்கிலியம்மாள் கையில்தான் கொடுத்திருந்தான். கிளட்ச் வேலை முடிந்தால் உள்ளே புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட. மைதீன் தனியாள், அதனால் வண்டி கொண்டுவருகிறவர்தான் மிதிக்கவேண்டும். பெடல் மிதிப்பது பொறியாளர் தகுதிக்குக் குறைவு என்று பாண்டீஸ்வரன் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அந்தம்மாதான் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. "தம்பி, இப்பக் கல்லு மாதிரி இருக்குப்பா, போதும்" என்று காலாலேயே கணக்காகச் சொன்னது.

பாண்டீஸ்வரன் உள்ளே வந்தார். தம்ளரைப் பார்த்தார். என்ன இருந்தாலும் பொறியாளர், விளக்கம் தேவைப்படவில்லை. முகம் சுண்டிப்போனது. தாழ்ந்த குரலில், "சங்கிலிதான் ஊத்தியிருப்பா. அவளுக்கு என்ன தெரியும்" என்றார்.

அதுவரை தம்ளரை ஊருக்குக் காட்டத்தான் நினைத்திருந்தான் மைதீன். இப்போது அதை மண்ணில் கவிழ்த்தான்.

"அக்கா மேல ஏன் சார் பழி போடுறீக? அவுக பெடல் மிதிக்க வந்தாக, அம்புட்டுத்தான். நான் போட்ட ரப்பர் மட்டம். எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

டீக்கடைக்குக் கேட்டது. சாட்சிகள் தலையாட்டினார்கள். பொறுப்பு நிர்ணயிக்கப்பட்டுவிட்டது.

குழாயெல்லாம் கழுவி, புது ரப்பர் போட்டு, சங்கிலியம்மாளின் பாட்டிலைப் பிரித்து ஊற்றினான். காற்றெடுக்க ஆள் வேண்டும்.

"நீங்கதான் மிதிக்கணும் சார்."

பாண்டீஸ்வரன் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். மைதீன் காருக்கு அடியில் போய்ப் படுத்தான். மிதிங்க என்றால் மிதித்தார். பிடிங்க என்றால் பிடித்தார். திருகைத் திறந்தால் குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மூடிவிட்டு விடுங்க என்றால் விட்டார். எட்டாவது முறை விடுங்க என்றபோது பெடல் மேலே வரவில்லை.

"மைதீன்."

"சொல்லுங்க சார்."

"அவ வேணாம்னா. தம்பி குடுத்த பாட்டில் இருக்கு, அதை ஊத்துங்கன்னா. எஞ்சினியருக்கே சொல்லித் தர்றியான்னு கேட்டேன்."

மேலே ஸ்டியரிங்கில் நெற்றி இடிக்கும் சத்தம். பிறகு, பழக்கமில்லாதவர் அழுகிற சத்தம், இருமலா அழுகையா என்று தெரியாதபடி.

"விடுங்க சார்," என்றான் மைதீன் மெதுவாக. பெடல் மேலே வந்தது. "மிதிங்க. பிடிங்க."

குழாயில் குமிழே இல்லை. வேலை முடிந்துவிட்டது. முடிந்தது என்று சொன்னால் இந்த முகத்தோடு அவர் டீக்கடைக்கு எதிரே இறங்கவேண்டும். இன்னும் ஏழெட்டு முறை மிதித்தால் மேலே டப்பா வற்றி மறுபடியும் காற்று ஏறிவிடும், எல்லாம் முதலிலிருந்து.

ஏறட்டும் என்று நினைத்துக்கொண்டு, "மிதிங்க சார்" என்றான்.