இரண்டாவது ஃப்ரீ த்ரோ

என் அண்ணன் ராய்ஸ் இண்டியானாபொலிஸில் இருக்கிறான். அந்த ஊர்த் தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டான். நான் மில்ஃபோர்க் கல்லூரியில் படித்து, அந்த ஊரிலேயே தங்கிவிட்டவள். கல்லூரி ஆட்டமா, தொழில்முறை ஆட்டமா என்ற சண்டை எங்களுக்குள் ஓய்ந்ததே இல்லை.

"சின்னப் பசங்க தப்புத் தப்பா எறியறதைப் போய்ப் பாக்கறியே நாடின்" என்பான்.

"உங்க ஆளுங்க பாதி நாள் ஓடறதே இல்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்னு நிக்கறானுங்க" என்பேன் நான்.

அந்த மார்ச்சில் மில்ஃபோர்க் முதன்முறையாக லீக் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஜெயித்தால் தேசியப் போட்டி. தோற்றால் அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. ராய்ஸைக் கெஞ்சி அழைத்துப் போனேன்.

முதல் பாதியில் எங்கள் கோபி ஸ்டாம்பர் எறிந்த எதுவும் விழவில்லை. கடைசி ஆண்டு மாணவன், மெலிந்த பையன். ராய்ஸுக்குக் கொண்டாட்டம். எழுந்து நின்று அவன் சட்டை எண்ணைச் சொல்லியே கத்தினான்.

"ஏய் பதினாலு, வளையம் மேல இருக்குப்பா. உன்ன எவன் டீம்ல சேத்தான்?"

சுற்றிலும் சிலர் சிரித்தார்கள். ராய்ஸுக்கு அடுத்த இருக்கையில் தடித்த கோட்டு அணிந்த ஒருவர் சிரிக்கவில்லை. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் ஒரு பெண் அவரருகே குனிந்து, "டெல்பர்ட், உங்க பையன் கோபிக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ஊசி போட்டுக்கிட்டுத்தான் ஆடறான்" என்றார் அவர்.

அவர்தான் பையனின் அப்பா என்று ராய்ஸின் காதில் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"நீ எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்துடு" என்றேன்.

"இப்ப மாறி உக்காந்தா இன்னும் அசிங்கமா இருக்கும்."

இரண்டாம் பாதியில் மில்ஃபோர்க் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. கோபி விழுந்தான், எழுந்தான், நொண்டிக்கொண்டே ஓடினான். அவன் எறிந்த பந்து விழத் தொடங்கியது. ராய்ஸ் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் திரும்பாமலேயே பேசினார்.

"என்ன சார், சத்தத்தையே காணோம்?"

நான் ராய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தபோது மில்ஃபோர்க் இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. ஆனால் மணிக்குச் சற்று முன் கோபி எறிந்தபோது எதிரணிக்காரன் அவன் கையில் அடித்துவிட்டான். நடுவர் விசில் ஊதினார். கோபிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் குறுக்கே நிற்காமல் எறியும் வாய்ப்பு; விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மற்றவர்களை எல்லாம் ஓரம் போகச் சொன்னார்கள். வெறும் மைதானத்தில் அவன் மட்டும் எறியும் கோட்டில் நின்றான். இரண்டும் விழுந்தால் சமன், கூடுதல் நேரம் கிடைக்கும். ஒன்று தவறினாலும் தோல்வி.

டெல்பர்ட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை உள்ளங்கைகளில் புதைத்துக்கொண்டார்.

"என்னால பாக்க முடியல. நீங்க பாத்துச் சொல்லுங்க. முதல் பாதி முழுக்கச் சொன்னீங்கல்ல."

ராய்ஸ் மைதானத்தைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினான்.

"பந்தை வாங்கிட்டான். தரையில தட்டறான். நிமிந்து பாக்கறான். எறிஞ்சுட்டான். உள்ள போயிடுச்சு சார்."

எங்கள் பக்கம் இடி விழுந்தது போல் ஆர்ப்பரித்தது. அவர் அசையவில்லை.

"அடுத்தது?"

"முகத்தைத் தொடைச்சுக்கறான். பந்து கைக்கு வந்துடுச்சு. முட்டிய மடக்கறான். எறிஞ்சுட்டான்."

எதிர்ப்பக்கத்தில் பெரும் கூச்சல் எழுந்தது. அதிலேயே விஷயம் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் முகத்தைத் தூக்காமல் கேட்டார்.

"சொல்லுங்க."

"நேராத்தான் போச்சு சார். வளையத்துல சுத்திட்டு வெளிய வந்துடுச்சு. அவன் கை நடுங்கவே இல்ல" என்றான் ராய்ஸ்.

நடுங்கியதை நான் பார்த்தேன். ராய்ஸும் பார்த்தான்.

டெல்பர்ட் எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனார். கீழே கோபி, சட்டையின் கழுத்தைப் பல்லால் கடித்தபடி கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தான்.

வண்டியில் ஏறியும் ராய்ஸ் கிளப்பவில்லை.

"செவ்வாக்கெழமை எங்க டீமுக்கு மேட்ச். வர்றியா?"

"தோத்தா என்ன பண்ணுவீங்க?"

"வியாழக்கெழமை இன்னொண்ணு இருக்கு" என்றவன் அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தான். "அந்தப் பையனுக்கு?"

"அவனுக்கு இனிமே எதுவும் இல்ல. ஜூன்ல மாமனோட சேந்து கூரை போடற வேலைக்குப் போறானாம்."

அப்போது அப்பாவும் மகனும் பக்கவாசல் வழியாக வெளியே வந்தார்கள். ராய்ஸ் கதவைத் திறந்து இறங்கினான். நான் தடுப்பதற்குள் அவர்களை நெருங்கிவிட்டான். ஏதோ சொன்னான். கோபி தலைகுனிந்து கேட்டுவிட்டுக் கை கொடுத்தான். டெல்பர்ட் கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

திரும்பி வந்தவனிடம், "என்ன சொன்ன?" என்றேன்.

"முதல் பாதியில கத்தினது நான்தான்னேன்."

"அதுக்கு?"

"தெரியும்னான்."