சாப்பாட்டுக்குப் போகும் வழியில் கடை கூடாது

ராசிபுரம் வட்டார மருத்துவர்கள் சௌந்தர்யாவைச் சங்கச் செயலாளராகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவளுடைய செல்வாக்கு அல்ல. குழந்தைகள் மருத்துவரான அவள் எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிப்பாள். சங்கத்தில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

அந்த வருஷம் அந்தப் பழக்கம் தேவைப்பட்டது. மருத்துவராகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் தொடர் கல்வி வகுப்புகளில் உட்கார்ந்து புள்ளி சேர்க்க வேண்டும். சங்கம் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடத்தும். செலவை ஏதாவதொரு மருந்துக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். போன வருஷ வகுப்புக்குப் புள்ளி இல்லை என்று மருத்துவ மன்றத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அனுப்பிய புகைப்படத்தில், மேடைப் பேனரில் வகுப்பின் தலைப்பைவிட ஓர் இருமல் மருந்தின் பெயர் மூன்று மடங்கு பெரிதாக இருந்ததாம். எண்பத்திரண்டு மருத்துவர்கள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்து, ஆளுக்கொரு தோள்பையுடன் வீடு திரும்பியதுதான் மிச்சம்.

"அம்மிணி, இந்த வருசம் நீயே பார்த்துக்கோ," என்று தலைவர் அப்புசாமி கோப்பை அவள் கையில் கொடுத்தார். எழுபது வயது அறுவை சிகிச்சை மருத்துவர். ஊரில் பாதிப் பேரின் வயிற்றை உள்ளே பார்த்தவர். "விதிமுறைன்னு ஒன்னு அனுப்பியிருக்காங்க. நாப்பது பக்கம். நான் மொதப் பக்கம் பார்த்தேன். நல்லாத்தான் எழுதியிருக்காங்க."

சௌந்தர்யா நாற்பது பக்கத்தையும் இரண்டு முறை படித்தாள். கம்பெனி கொடுக்கும் பணம் சங்கத்துக்குத்தான் வர வேண்டும், பேச்சாளருக்கு நேராகப் போகக் கூடாது. தலைப்பும் பேச்சாளரும் சங்கத்தின் முடிவு. பேசுகிறவர் முதலில் யாரிடம் என்ன வாங்கியிருக்கிறார் என்று சபையில் சொல்லியாக வேண்டும். வகுப்பு நடக்கும் இடத்தில் மருந்தின் வணிகப் பெயர் எங்கும் தெரியக் கூடாது. கம்பெனியின் கண்காட்சிக் கடைகள் தனி இடத்தில் இருக்க வேண்டும். முப்பத்தொன்றாம் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: வகுப்புக்கோ சாப்பாட்டுக்கோ போகிறவர் கடையைக் கடந்துதான் போயாக வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது.

சேலத்திலிருந்து கம்பெனியின் வட்டார மேலாளர் மணிமாறன் வந்தார். இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, பேசும்போது லேசாகக் குனியும் உடம்பு.

"தலைப்பு என்னங்க மேடம்?"

"குழந்தைகளின் சளி, இருமல்: ஆன்டிபயாடிக் எப்போது வேண்டாம்."

குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் சிரப்தான் அந்தக் கம்பெனியின் பிழைப்பு. மணிமாறன் தலைப்பைக் குறிப்பேட்டில் எழுதி, எழுதியதைச் சற்று நேரம் பார்த்தார்.

"'எப்போது வேண்டும்'னு வச்சா கேக்கறதுக்கு நல்லா இருக்குமுங்களே."

"வேணும்கிறது எல்லாத்துக்கும் தெரியுதுங்க. அதனாலதான் இந்தத் தலைப்பு."

"பேச்சாளர் எங்ககிட்ட ஒருத்தர் இருக்காருங்க. ஸ்லைடு எல்லாம் ரெடி."

"அவரோட ஸ்லைடுங்களா, உங்க ஸ்லைடுங்களா?"

மணிமாறன் பொய் சொல்லத் தெரியாதவர். "எங்களோடதுங்க. ஆனா அவரு நல்லாப் படிப்பாருங்க."

மூன்று நாள் கழித்து, கம்பெனியில் அந்தத் தலைப்புக்கே ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சங்கமே கோவையிலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக, வகுப்பை ஏற்பாடு செய்கிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவம் மட்டும் பாக்கி. அதில் ஏழாவது கேள்வி: உங்களுக்கோ உங்கள் துணைவருக்கோ இந்தக் கம்பெனியுடன் பண உறவு உண்டா?

காலைச் சாப்பாட்டின்போது கணவன் சிவக்குமாரிடம் ஒப்புக்குக் கேட்டாள். அவனுக்கு ஐந்து சரக்கு வேன்கள்.

"ஏனுங்க, இந்தக் கம்பெனியோட நமக்கு ஏதாச்சும் உண்டுங்களா?"

"நம்ம ரெண்டு வேன் அவங்க சரக்குத்தானே ஏத்துது. சேலம் குடோன்ல இருந்து நாமகிரிப்பேட்டை, ஜேடர்பாளையம் வரைக்கும். மூணு வருசமாச்சு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?"

"வேன் பக்கவாட்டுல ஆளுயரத்துக்கு அவங்க பேரு எழுதியிருக்குது. தெனமும் அதைத் தாண்டித்தான் நீ காரை எடுக்கறே."

சௌந்தர்யா வெளியே போய்ப் பார்த்தாள். எழுதியிருந்தது. நீல எழுத்து, சிவப்புக் கரை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு முகம் சுட்டது. 'அவரோட ஸ்லைடுங்களா, உங்க ஸ்லைடுங்களா' என்று தான் கேட்ட குரல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. மணிமாறனுக்கு வேன் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும். மரியாதைக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

விஷயத்தைக் கேட்டு அப்புசாமி சிரித்தார். "வேன் ஓடறதுக்கும் சளிக்கும் என்ன அம்மிணி சம்பந்தம்? இல்லைன்னு எழுதிட்டுப் போ. யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"இல்லைன்னு எழுதினா, நான் அவங்ககிட்டக் கேட்டதுக்கெல்லாம் என்னங்கய்யா அர்த்தம்?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப ஆமான்னு எழுது."

ஆமாம் என்று எழுதினால் அடுத்தது பதினெட்டாம் பக்கம். பண உறவு உள்ளவர் பாடத்தின் உள்ளடக்கத்தில் கை வைக்கக் கூடாது; பேச்சாளரின் ஸ்லைடு படங்களை வேறொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மற்ற எல்லோரும் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டதால் அந்தப் பொறுப்பு கண் மருத்துவர் கலையரசனுக்குப் போனது. எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற மனிதர். ஒருமுறை தன் வீட்டு மின்கட்டண ரசீதின் அடியிலும் முத்திரையோடு கையெழுத்திட்டவர்.

"எனக்குக் கண்ணு மட்டுந்தானுங்க தெரியும்," என்றார் கலையரசன்.

"படத்தைக் கண்ணாலதானுங்க பார்க்கணும்," என்று சொல்லி சௌந்தர்யா முப்பத்தாறு படங்களின் அச்சுப் பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. மன்றத்தின் பார்வையாளர் ஒருவர் அட்டையில் செருகிய தாளோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். சௌந்தர்யா ஒலிவாங்கி முன் நின்று, எழுதி வைத்திருந்ததை வாசித்தாள். "இந்த வகுப்புக்கு நிதி தரும் கம்பெனியின் சரக்கை என் கணவரின் இரண்டு வேன்கள் வாடகைக்கு ஏற்றுகின்றன. ஆகவே பாடத்தைப் பரிசீலிப்பதிலிருந்து விலகிக்கொண்டேன்."

பின்னாலிருந்து ஒரு மருத்துவர் எழுந்தார்.

"மத்த மூணு வேனு காலியா இருக்குதுங்களா? ஊடு மாத்தோணும்."

சௌந்தர்யா இறங்கிக் கடைசி வரிசைக்குப் போனாள். அடுத்து பேராசிரியர் தன் கணக்கைச் சொன்னார்: நான்கு கம்பெனிகள், இரண்டு வெளிநாட்டுப் பயணங்கள். அதைச் சபை வெகு கவனமாகக் கேட்டது. பிறகு பாடம். நல்ல பாடம். பெரும்பாலான சளி தானாகப் போகும் என்பதை அவர் எண்களோடு சொல்லிக்கொண்டே வந்தார்.

பதினான்காவது படம் வந்ததும் சௌந்தர்யா நிமிர்ந்தாள். ஒரு வரைபடம், அதன் மூலையில் இளஞ்சிவப்பில் ஒரு குப்பி. பெயர் இல்லை. ஆனால் கம்பெனியின் அந்த சிரப் குப்பியை அடையாளம் தெரியாத தாய் ராசிபுரத்தில் கிடையாது. அவளுக்கு வாயில் வார்த்தை வந்துவிட்டது. பதினெட்டாம் பக்கம் நினைவுக்கு வர, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யா, ஒரு நிமிசமுங்க."

கலையரசன் நின்றுகொண்டிருந்தார். கையில் அச்சுப் பிரதி, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

"பதிமூனுக்கு அப்புறம் இந்தப் படம் எங்கிட்ட வரலீங்க. நான் பார்த்தது முப்பத்தாறு. இதுல முப்பத்தேழு இருக்குது."

பேராசிரியர் திரையைப் பார்த்தார். "பழைய பேச்சிலிருந்து வந்து சேர்ந்திருக்கும்."

"சேர்ந்திருக்குமுங்க. எடுத்துருங்க. அப்படியே இருபத்திரண்டுல ஒரு எழுத்துப்பிழை. நேத்தே போன் பண்ணினேன், நீங்க எடுக்கலீங்க."

படம் எடுக்கப்பட்டது. எழுத்துப்பிழையும் திருத்தப்பட்டது. பார்வையாளர் தாளில் ஏதோ எழுதினார். சௌந்தர்யாவுக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே, தன்னால் மட்டும்தான் இது முடியும் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தோமே என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

சாப்பாட்டு வேளையில்தான் சிக்கல். பந்திக் கூடம் கீழ்த்தளத்தில். முன்பக்கப் படிக்கட்டின் அடியில் இருந்த அறையைக் கடைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். படியில் இறங்கினால் அதைக் கடந்தே தீர வேண்டும். மிச்சமிருந்த வழி மேடைக்குப் பின்னால், சமையற்கட்டு ஊடாக. எண்பது மருத்துவர்கள் வரிசையாக வருவதைக் கண்டு சமையல்காரர் பாப்பாயி கரண்டியோடு எழுந்து நின்றார்.

"ஏஞ் சாமி, சாப்பாட்டுல ஏதாச்சும் கொறையா? சோதனை பண்ண வந்தீங்களா?"

"இல்லீங்க, சாப்பிட வந்தோம்," என்றார் அப்புசாமி. "விதிமுறை."

சாம்பார் அண்டாவுக்கும் அப்பளச் சட்டிக்கும் நடுவில் அவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். பார்வையாளரும் போனார். அவர் சட்டையில் எண்ணெய் தெறித்தது. அதைத் தாளில் குறிக்க இடம் இல்லை.

முன்பக்க அறையில் மணிமாறனும் நான்கு விற்பனைப் பிரதிநிதிகளும் கைகட்டி நின்றிருந்தார்கள். ஈ காக்கைகூட இல்லை. சௌந்தர்யாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாயசம் முடிந்ததும் ஒரு மருத்துவர், "இந்த வருசம் பை எங்கீங்க?" என்று கேட்டார். எந்த அறை என்று யாரோ சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் பந்திக் கூடம் காலி. கடை அறையில் நிற்க இடமில்லை. பார்வையாளர் வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தார். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. 'விதிப்படி' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

ஒரு மாதத்தில் புள்ளி வந்துவிட்டது. அதற்குப் பிறகு சிவக்குமாரின் வேன் ஒப்பந்தம் முடிந்தது. கம்பெனி புதுப்பிக்கவில்லை. மணிமாறன் அவளைத் தொலைபேசியில் அழைத்து, "இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க மேடம்," என்றார். பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால், மேலிடத்தில் அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கும் என்று சௌந்தர்யா புரிந்துகொண்டாள்.

சாயங்காலம் சிவக்குமார் வேனின் பக்கவாட்டில் இருந்த எழுத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எம்மேல கோவமுங்களா?"

"கோவந்தான்," என்றான் திரும்பாமல். "சனிக்கிழமை வரைக்கும் இருக்கும்."

அவள் ஓர் உப்புத்தாளை எடுத்து மறுபக்கக் கடைசி எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். வியாழக்கிழமையே நாமக்கல்லிலிருந்து முட்டை வியாபாரிகள் அந்த வேன்களுக்கு வாடகை பேச வந்துவிட்டார்கள். அவன் சனிக்கிழமை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தான்.