சாய மணல் ஒதுங்கிய இடம்

கொதிக்கும் பீப்பாய்க்குள் பீற்றிஸ் ஒரு கூடை மணலைக் கொட்டினாள். ஞானமலர் உடைந்த துடுப்பொன்றால் அதைக் கிளறினாள். பசையும் சிவப்புச் சாயமும் கலந்த ஆவி இருவரின் முகத்திலும் அடித்தது. நிறம் பிடித்த மணலை வாளியால் அள்ளிச் சாக்குகளில் பரப்பினார்கள். காய்ந்தபின் அரிதட்டில் போட்டு, கட்டிகளை உடைத்து, மறுபடியும் மணி மணியாகப் பிரிய வைக்கவேண்டும். ஒரு கிழமையாக இதுதான் வேலை. இருவரின் கைகளும் முழங்கைவரை சிவந்துபோயிருந்தன. தேங்காய்ப் பொச்சால் தேய்த்தும் போகவில்லை.

“கொல பண்ணிப்போட்டு வந்த மாதிரி இரிக்கி,” என்றாள் ஞானமலர். “இந்தக் கையால பிசைஞ்சு தின்ன மனம் வருகுதில்ல கா.”

பீற்றிஸ் அடுத்த கூடையைத் தூக்கினாள்.

பூவரசமுனை கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த ஒரு மணல் துண்டு. குருக்கள்மடத்து ரோட்டிலிருந்து வண்டிப் பாதை ஒன்று அங்கே வரும். அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு கரை நிலைக்கவில்லை. மாரிக்கு மாரி கடல் உள்ளே வந்தது. முதலில் வலை வாடிகள் போயின. பிறகு தாழை வேலி போனது. இப்போது ஊரார் செத்தவர்களைப் புதைக்கும் சேமக்காலையில் கை வைத்திருந்தது. கரை ஏன் அரிகிறது என்று ஆராயக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து, அழகரத்தினம் முதலாளி குடியிருக்கும் தென்னந்தோட்டத்துப் பங்களாவில் தங்கியிருந்தார். தமிழ் தெரியாத அவருக்குப் பேச்சுத் துணையும் வேலைகளுக்கு மேற்பார்வையும் மட்டக்களப்பு டவுணிலிருந்து வந்த ஹெக்டர்தான்.

“சாயம் போட்ட மணலக் கடலுக்குள்ள கொட்டினா அது எங்க போய் ஒதுங்குதெண்டு பாக்கலாம்,” என்று ஹெக்டர் முதல் நாளே விளக்கியிருந்தார். “எங்கட கரை மண் போற வழியும் அதுதான்.”

போன வருசம் இதே வாடைக்காற்றில்தான் பீற்றிஸின் புருசன் சில்வெஸ்டர் கடலுக்குப் போனான். வள்ளமும் இஞ்சினும் அழகரத்தினம் முதலாளியுடையவை. கூடப் போகவேண்டியவன் காய்ச்சலில் கிடந்தான். சில்வெஸ்டர் தனியாகவே போனான். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை, ஒரு பலகைகூட வரவில்லை. தேடிப் போனவர்கள் கைவிட்டுத் திரும்பியபின் முதலாளி ஊர்த் தலைமைக்காரரான விதானையாரையும் கூட்டிக்கொண்டு பீற்றிஸின் படலைக்கு வந்தார்.

“செத்தவனெண்டா கடல் திருப்பித் தந்திரிக்கும். உண்ட புருசன் எண்ட வள்ளத்த மூதூர்ப் பக்கம் கொண்டுபோய் வித்துப்போட்டு அங்கயே இரிக்கான். அவன் வள்ளத்தோட வாறவரைக்கும் மகள் எங்கட குசினியில நிக்கட்டும்.”

செசீலியாவுக்கு அப்போது பதினாறு வயது. உடுத்த சட்டையோடு போனாள். விதானையார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் பீற்றிஸ் மகளைக் கண்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், முதலாளி வீட்டு வேலைக்காரிகளின் வரிசையில், முதுகுப்புறமாகத்தான். துக்கமணி அடிக்கச் சொல்லிக் கோயில் சுவாமியாரிடம் கேட்டாள். “சீவனோட இருக்கிறானெண்டு ஊர் சொல்லுது, பீற்றிஸ். இருக்கிறவனுக்கு நான் எப்படி மணி அடிக்க?” என்றார் அவர். கறுப்பு உடுத்தவும் முடியவில்லை, நிறம் உடுத்தவும் முடியவில்லை. கலியாண வீட்டுக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை, செத்த வீட்டுக்கும் கூப்பிடவில்லை.

சாய மணலை ஒரு காலையில் தோணிகளில் ஏற்றி, சேமக்காலைக்கு நேரே கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்த இடத்துக் கடல் சற்று நேரம் சிவந்து கிடந்து, பிறகு ஒன்றும் நடவாததுபோல் தெளிந்தது. கரையில் நின்ற நாய்கள் தண்ணீரை மணந்து பார்த்துவிட்டு வாலை மடக்கிக்கொண்டு ஊருக்குள் ஓடின.

ஹெக்டரின் ஆட்கள் கரை நெடுக இரும்புக் கம்பிகளை நட்டு, கம்பிக்குக் கம்பி மணல் அள்ளிப் பார்த்தார்கள். கம்பி நட்ட இடத்தில் மணிகள் கிடைத்தன. நடாத இடங்களிலும் கிடைத்தன. ஞானமலரின் சோற்றில் கடிபட்டது. கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியின் அடியில் சிவப்பாகப் படிந்திருந்தது. வாவிக்கரை வீட்டுக் குழந்தை ஒன்று ராத்திரி முழுக்க அழ, தாய் காதைத் துடைத்தபோது துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. “காத்து கொண்டு வந்திரிக்கும்,” என்றார் ஹெக்டர். அன்றைக்குக் காற்று மறுபக்கமாக வீசியதென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சேமக்காலை ஒரு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டுப்பட்டு நின்றது. வெட்டில் பெட்டிகளின் முனைகள் இழுப்பறைகள்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விடிந்ததும் பெண்கள் சாக்குகளோடு போய் அலை விட்டுவைத்ததைப் பொறுக்கினார்கள். கொண்டை மயிரைப் பார்த்துப் பெரியம்மாவை அடையாளம் கண்டவர்கள் இருந்தார்கள். மீதியை அலை எடுத்துக்கொண்டு போனது. எங்கே என்று யாருக்கும் தெரியாது.

“கண்டுபிடிச்சாச்சு,” என்றார் ஹெக்டர் ஒருநாள், அரிதட்டுப் பக்கமாக வந்து. “முழுக்கத் தெற்க போகுது. ஊமைக்குடாவில போய் நிக்குது. கொழும்புத் துரைக்கு நல்ல சந்தோசம்.”

பீற்றிஸின் கை நின்றது. “மணல் மட்டுந்தானா ஐயா?”

“இந்த வாடையில இஞ்ச விழுற எதுவும் அங்கதான் போகும்.”

“வள்ளமெண்டாலும்?”

ஹெக்டர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பினார். “கவிண்ட வள்ளமெண்டா உருண்டு உருண்டு போகும். போகத்தானே வேணும்.”

ஊமைக்குடாவுக்கு ஊரில் யாரும் போவதில்லை. வலை போட்டால் வெறும் வலைதான் வருமென்பார்கள். அடுத்த நாள் பீற்றிஸ் வேலைக்குப் போகாமல் கரை நெடுகத் தெற்கே நடந்தாள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்த சிவப்பு மணிகள் போகப்போக நூல்போலச் சேர்ந்தன, நூல் கயிறாயிற்று. உச்சி வெயிலில் அவள் மணல் மேட்டைத் தாண்டி இறங்கியபோது குடா முழுவதும் மங்கிய சிவப்பாகக் கிடந்தது.

அலைகள் எழுந்தன, மடிந்தன. சத்தமில்லை. அவள் நின்று காதைப் பொத்தித் திறந்து பார்த்தாள். நண்டு ஓடவில்லை. ஒரு காகம்கூட இல்லை. தண்ணீர் ஏறி நின்ற கோட்டில் எலும்புகள் வரிசையாக ஒதுங்கியிருந்தன, கடைந்தெடுத்ததுபோல வழுவழுப்பாக. பெட்டிக் கைபிடிகள் கிடந்தன. ஒரு செபமாலை முத்துக் குறையாமல் கிடந்தது. பூவரசமுனையில் அவள் அறிந்து செத்தவர்களும் அவள் பிறக்குமுன் செத்தவர்களும் அங்கே இருந்தார்கள். பீற்றிஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, யாரையும் மிதிக்காமல் கால் வைத்து நடந்தாள்.

குடாவின் வளைவில் இரும்பு ஒன்று மணலுக்கு மேலே தலை காட்டியது. அவள் குந்தியிருந்து கையால் தோண்டினாள். ஈர மணலும் சிவப்பு, கையும் சிவப்பு. எது விரல், எது மணல் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. மூடி இல்லாத இஞ்சின். சொறிபிடித்து, ஓட்டை விழுந்து, வீங்கியிருந்தது. சுழலியில் கயிறு இறுகச் சுற்றியிருந்தது. கயிற்றைத் தொடர்ந்து தோண்டியபோது விரல்களுக்கிடையில் ஏதோ ஒன்று தானாக வந்து தங்கியதுபோல இருந்தது. வெளியே எடுத்தாள். இடது முழங்காலுக்குக் கீழான எலும்பு. நடுவில் முறிந்து, கோணலாக ஒட்டி, முடிச்சுப்போலத் தடித்திருந்தது.

சில்வெஸ்டர் இளவட்டமாக இருந்தபோது வள்ளம் தள்ளுகையில் உருளைக்கட்டை அந்தக் காலில் ஏறியது. அந்த முடிச்சில் எத்தனையோ வருசம் அவள் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறாள். கட்டைவிரலை அதில் வைத்தாள். விரலுக்கு இடம் தெரிந்தது.

“இஞ்சருங்க,” என்றாள். “இஞ்சயா இரிந்தீங்க?”

வாய் அசைந்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. பயந்துபோய் மறுபடியும் உரத்துக் கூப்பிட்டாள். அப்போதும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் ஞானமலரின் புருசன் மாட்டு வண்டி கொண்டுவந்தான். இஞ்சினைப் பங்களா முற்றத்தில் இறக்கினார்கள். கொழும்பு அதிகாரி சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து கை துடைக்காமலே ஓடிவந்தார். முழங்காலில் இருந்து, சிறு கத்தியால் சுரண்டி, ஹெக்டரிடம் வேகமாக ஏதோ சொன்னார்.

“ஒரு வருசமளவு உப்புத் தண்ணிக்குள்ள கிடந்திருக்காம்,” என்றார் ஹெக்டர். “இரும்பு தின்னுப்பட்ட விதத்தில தெரியுதாம்.”

“அதான் ஐயா! போன வருசந்தான்!” பீற்றிஸ் மடியிலிருந்த துணியை அவிழ்த்து எலும்பை இஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இது அவர்ர கால்.”

அழகரத்தினம் முதலாளி விதானையாருக்கு ஆளனுப்பிவிட்டுத்தான் விறாந்தையிலிருந்து இறங்கினார். அவசரப்படவில்லை. விதானையார் வந்து சேர்ந்ததும், “இஞ்சினுக்கு நம்பர் இரிக்கும். பாருங்க,” என்றார்.

நம்பர் அடித்த தகடு இருந்த இடத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. விதானையார் விரலால் தொட்டார். தகடு மாவுபோல உதிர்ந்தது.

“நம்பரில்லாத இஞ்சின் எண்டயெண்டு எப்பிடிச் சொல்ற? இந்தக் கடல்ல எத்தின வள்ளம் கவிண்டு தாண்டிரிக்கி. எலும்பெண்டா, அது சேமக்காலை எலும்பு. கரை முழுக்கக் கிடக்கு. இதக் கேட்டு நான் மகள விட்டா, நாளைக்கு இன்னொருத்தி இன்னொரு காலக் கொண்டுவருவா.”

“முடிச்சப் பாருங்க முதலாளி! உங்கட வள்ளத்தத் தள்ளித்தான் முறிஞ்ச!”

“எண்ட மாமாக்கும் கால் முறிஞ்சது. அவரையும் அங்கதான் தாட்டது.”

குசினிக் கதவு திறந்தது. செசீலியா கையில் துருவிய தேங்காய்ப் பூவோடு முற்றத்துக்கு வந்தாள். மெலிந்து உயர்ந்திருந்தாள். தாயைப் பார்க்கவில்லை, கீழே கிடந்ததைத்தான் பார்த்தாள். சின்ன வயதில் அந்தக் காலில் குந்தவைத்து ஆட்டச் சொல்லி அழுதவள்.

“அப்பா,” என்றாள். குனிந்து கையை நீட்டினாள்.

“செசீலியா! பால் பொங்குது!” என்று உள்ளேயிருந்து முதலாளியின் பெண்சாதி கூப்பிட்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவள் திரும்பிப் போனாள். கதவு சாத்தப்பட்டது.

பீற்றிஸ் ஹெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “துரையச் சொல்லச் சொல்லுங்க ஐயா. ஒரு வருசமெண்டு இப்ப சொன்னாரே, அத விதானையாரிட்ட ஒருக்காச் சொன்னாக் காணும்.”

ஹெக்டர் அதிகாரியிடம் பேசினார். அதிகாரி பீற்றிஸைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், விறாந்தையில் பாதியில் விட்டுவந்த சாப்பாட்டைப் பார்த்தார். தாழ்ந்த குரலில் நீளமாகச் சொன்னார்.

“கரையப் பாக்கத்தான் வந்தவராம்,” என்றார் ஹெக்டர், கையை விடுவித்துக்கொண்டு. “ஊர் வழக்கில கவுண்மேந்து உத்தியோகத்தர் தலையிட ஏலாதாம்.” சற்று நின்று, “ஆனா இஞ்சின் அவருக்கு வேணுமாம். கடல் இரும்ப எப்பிடித் தின்னுதெண்டு கொழும்பில வச்சுப் பாக்கப் போறார். உடையாமக் கட்டவேணும். நீயும் ஞானமலரும் கட்டிக் குடுங்க,” என்றார்.

வைக்கோல் கொண்டுவந்து போட்டார்கள். ஞானமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்குத் தைத்தாள். பீற்றிஸ் இஞ்சினின் ஓட்டைகளுக்குள் வைக்கோலை மெல்ல மெல்லத் திணித்தாள். சுழலியில் சுற்றிய கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை, கயிற்றோடேயே சுற்றிக் கட்டினாள். நாலுபேர் பிடித்து லொறியில் ஏற்றும்போது, “பையப் பைய,” என்று அதிகாரி தமிழில் சொன்னார்.

எலும்பைச் சுவாமியார் சேமக்காலையின் கடல் பக்கத்து மூலையில், ஊர் பேர் தெரியாதவர்களைப் புதைக்கும் இடத்தில், புதைக்க விட்டார். மணி அடிக்கவில்லை. ஞானமலரும் அவள் புருசனும் மட்டும் பக்கத்தில் நின்றார்கள். பீற்றிஸ் அன்றைக்குக் கறுப்பு உடுத்தாள். பார்த்தவர்கள் விலகி நடந்தார்கள்.

கோடையில் வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து லொறி லொறியாகக் கல் வந்தது. முதலாளியின் தென்னந்தோட்டத்துக்கு நேரே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கல்லணை எழுந்தது. தோட்டத்து வேலி முடிந்த இடத்தில் அணையும் முடிந்தது. வேலை முடிந்து டவுணுக்குப் போகுமுன் ஹெக்டர் அணை முனையில் நின்று சிகரட் பிடித்தார்.

“இதுக்கு இஞ்சால எங்கட பக்கத்துக்கு அணை இல்லையா ஐயா?” என்று பீற்றிஸ் கேட்டாள். அவளும் அந்த அணைக்குக் கல் சுமந்தவள்.

“ஒரு துண்டுக்குத்தான் கட்டச் சொல்லி வந்தது.”

“அலை கல்லில பட்டுக் கிறுகி இஞ்சாலதானே அடிக்கும்?”

“ஓம்,” என்றார் ஹெக்டர். “அடிக்கும்.”

அந்த மாரியில் அடித்தது. சேமக்காலையின் கடல் பக்கத்து மூலை முதல் வாரத்திலேயே போனது. பிறகு கடலோரத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. அதில் பீற்றிஸின் வீடும் ஒன்று. இரவில் அலைக்குக் கீழே கற்கள் உருளும் சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தால் அணையில் ஒரு கல்லும் அசைந்திருக்காது. பீற்றிஸ் வாவிக்கரையில் ஞானமலர் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்தாள்.

மழை விட்டபின் முதலாளி அணைக்குப் பின்னால் புதிதாகக் கிடைத்த தரையில் தென்னம்பிள்ளை வைத்தார். பங்குனி வெயில் ஏறியதும் தண்ணீர் ஊற்ற ஆள் தேடினார்கள். பீற்றிஸ் போனாள். உப்புக் காற்றுப் படாமல் ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும் நாலு பக்கமும் கிடுகு கட்டி, மேலேயும் ஓலை வேய்ந்திருந்தார்கள். கிணற்றடியில் செசீலியா குடத்தை நிரப்பிக் கட்டின்மேல் வைத்தாள். பீற்றிஸ் அதை எடுத்துக்கொண்டு வெறுங்குடத்தை வைத்தாள். பேசினால் பங்களாவுக்குக் கேட்கும். அணைக்கு அப்பால், ஊர் இருந்த பக்கத்தில், கரை இடிந்து விழுந்த சத்தம் காலுக்குள் அதிர்ந்தது. பீற்றிஸ் அடுத்த கிடுகுக் கூட்டின் ஓலையை விலக்கி, குனிந்து, வேரில் மண் கரையாதபடி கையை அணை கொடுத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.